பாட்டுக்கு ஒரு ரேடியோ, சேதிக்கு ஒரு ரேடியோ

சமையலறையில் கைக்கு ஓயாத வேலை. காது மட்டும் சும்மா இருக்கும். அதனால்தானோ என்னவோ, டி.வி. வந்தும், செல்போன் வந்தும், நம் வீட்டுப் பெண்களுக்கும் ரேடியோவுக்கும் உள்ள சிநேகம் விட்டுப் போகவில்லை. தோசை வார்த்துக்கொண்டே கேட்கலாம், குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டே கேட்கலாம். ஆனால் காதில் விழுவது யார் சொல்லும் சேதி, யார் காசில் சொல்லும் சேதி என்று யோசிக்கிறோமா?

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஒரு நாள் தனியார் ரேடியோ ஒன்றில் வைத்தியர் ஒருவர் பேசினார். நேயர்கள் போன் செய்து, "உங்க பொடியைச் சாப்பிட்ட பிறகு மாத்திரையே இல்லீங்க" என்று குதூகலித்தார்கள். அக்காவும் மூன்று மாதத்துக்குப் பொடி வரவழைத்து, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

"ஏன் அக்கா, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"ரேடியோவிலேயே சொல்றாங்க, பொய்யா சொல்வாங்க?" என்றார்.

காலில் பட்ட சின்னப் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. நல்லவேளை, கால் தப்பியது.

அந்த அரைமணி நேரம் காசு கொடுத்து வாங்கிய நேரம். ஆரம்பத்தில் ஒரு வரி அதைச் சொல்லியும் இருப்பார்கள். குக்கரை இறக்கிவிட்டு வந்து நடுவில் ரேடியோவைத் திருகியவருக்கு அது எப்படித் தெரியும்? சர்க்கரை வியாதி, புற்றுநோய், வலிப்பு இவற்றையெல்லாம் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாதென்று 1954-லேயே சட்டம் இருக்கிறது. இருந்தும், விளம்பரம் பேட்டி வேஷத்தில் வந்துவிடுகிறது!

"ரேடியோவிலேயே சொல்றாங்க" என்ற அந்த நம்பிக்கை ஒரு நாளில் வந்ததல்ல. அதைச் சம்பாதித்துக் கொடுத்தது அரசாங்க ரேடியோ. 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி சொல்லச் சொல்ல, தஞ்சாவூர் விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயரே 'ரேடியோ நெல்'! டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தால் அந்தக் கணீர்க் குரலுக்கு ஊரே வாயை மூடிக் கேட்கும். (2022-ல் அந்த அம்மையார் காலமானார்.) தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' மட்டும் என்ன? விவசாயம் படித்த மனிதர், சின்னக் கதை சொல்லிச் சிரிக்க வைத்தே விஷயத்தை உள்ளே இறக்கிவிடுவார்.

அதற்காக அரசாங்க ரேடியோவைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. பி.வி. கேஸ்கர் என்ற மந்திரி 1952-ல் சினிமாப் பாட்டு கூடாதென்று கத்தரி போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? இலங்கை வானொலிப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப இழுக்கத்தான் 1957-ல் விவித பாரதி வந்தது. 1967-ல் அதிலும் விளம்பரம் புகுந்தது. இந்திரா காந்தி 1984-ல் சுடப்பட்டது காலையில். இறந்த சேதியை நம் ரேடியோ சொன்னதோ மாலையில். அதற்குள் பி.பி.சி. மூலம் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. ஆள்பவர்களுக்குப் பிடிக்காத சேதி என்றால் நம் வானொலிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பேச வருகிற சிலர் தாளைப் பார்த்து ஒப்பிக்கிற ஒப்பிப்பில் குழந்தை தாலாட்டில்லாமலே தூங்கிவிடும்!

ஆனாலும் அரசு டாக்டர் ஒருவர் அதில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் (பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர்) முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாக அல்ல. கரைத்ததை இருபத்து நாலு மணிக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும் பதினாலு நாளும் கொடுக்க வேண்டும். குழந்தை துவண்டு போனாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. கால் மணி நேரத்தில் இவ்வளவு! கடைசியில் வாங்கச் சொல்லி ஒரு போன் நம்பர்கூட இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

தனியார் எஃப்.எம்.மில் ஏன் இப்படி விஷயம் வருவதில்லை என்று அவர்களை மட்டும் நோவதும் நியாயமில்லை. சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அவர்களுக்கு அனுமதியே கிடையாது. ஆகாஷவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். போக்குவரத்து, மழை, பரீட்சை முடிவு, தண்ணீர் வராத நாள் இதெல்லாம் சொல்லலாம். அதைச் சுறுசுறுப்பாகவே சொல்கிறார்கள். பத்துப் பாத்திரம் தேய்க்கிற நேரத்துக்கு அவர்கள் பாட்டும் கலகலப்பும் எனக்கும் வேண்டியிருக்கிறது.

பாட்டு, சிரிப்பு, கடைத் தள்ளுபடி இதற்கெல்லாம் எந்த ரேடியோவானால் என்ன? மருந்து என்று வாயெடுத்தால் மட்டும் நான் மூன்று விஷயம் கவனிப்பேன்: பேசுகிறவர் எந்த ஆஸ்பத்திரி, பொருளின் பெயர் எத்தனை தடவை வருகிறது, முடிவில் பணம் கட்டச் சொல்கிறாரா. இது அரசாங்க ரேடியோவுக்கும் சேர்த்துத்தான். அங்கேயும் விளம்பரதாரர் நிகழ்ச்சிகள் உண்டு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கரண்டும் போய், செல்போனும் செத்த வீடுகளில் பேட்டரி ரேடியோ மட்டும் பேசியது. அன்றைக்கு அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் இரண்டுமே உதவின. ஐப்பசி பிறந்ததும் மெழுகுவத்தி வாங்கும்போதே ரேடியோவுக்கும் இரண்டு பேட்டரி வாங்கி அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வைத்துவிடுங்கள்.