காருக்கு அடியில் போறீங்களா? ஜாக்கி மட்டும் போதாது!

காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். பிரேக் பேட், ஆயில் என வீட்டிலேயே கை வைப்பவர்கள் டிராலி ஜாக்கி தேடுவது அதனால்தான்.

எத்தனை டன்? சுமார் 900 கிலோ எடையுள்ள ஸ்விஃப்ட்டுக்கு 2 டன் தாராளம். பெரிய எஸ்யூவி என்றால் 3 டன். பலரும் கோட்டை விடுவது உயரத்தில். டயர் பஞ்சராகி கார் தாழ்ந்து நிற்கும்போது ஜாக்கி உள்ளே நுழையவில்லை என்றால், எத்தனை டன் இருந்து என்ன? ஜாக்கியின் குறைந்தபட்ச, அதிகபட்ச உயரத்தைப் பார்த்துவிட்டு, காருக்கு அடியில் டேப் வைத்து அளந்துடுங்க.

ஹைட்ராலிக் ஜாக்கியில் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் ஆயில். ரப்பர் சீல் தேய்ந்து கசிந்தால் கார் மெல்ல இறங்கும். சீல் கிழிந்தால் சட்டென்று! அதனால் தூக்க ஜாக்கி, தாங்க ஜாக் ஸ்டாண்ட். பட்ஜெட் இடித்தால் ரெண்டையும் சேர்த்து அடுத்த மாதம் வாங்கலாம். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவது வேண்டவே வேண்டாம். எடை ஏறினால் சொல்லாமல் நொறுங்கும்.

இன்னொன்று. பல கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்த பிறகு ஜாக்கியைத் தொடுங்க.