சங்கல்பத்துக்கு முந்திய க்ஷணம்

மூளைக்குள் மின்முனைகளைப் பதித்துக் கணினியோடு இணைக்கும் கருவிகளைப் பற்றிய செய்திகள் பெருகிவரும் இந்நாளில், "நான் ஒன்றைத் தீர்மானிக்கும் முன்பே யந்திரம் அதை அறிந்துவிடுமாமே, உண்மைதானா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பூர்வகதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மனிதன் தானாக விரலசைக்கும் முன்பே மண்டையின்மேல் மின்னழுத்தம் மெல்ல மாறத் தொடங்குவதை 1965-இல் ஜெர்மனியில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் வெளியிட்டார்கள். அம்மாறுதல் அசைவுக்கு அரை விநாடி முன்னும், அசைக்கும் எண்ணம் ஐந்திலொரு விநாடி முன்னும் தோன்றுவதாக 1983-இல் அமெரிக்காவின் பெஞ்சமின் லிபெட் அளந்தார். இடக்கைப் பொத்தானா, வலக்கைப் பொத்தானா என்பதைப் பல விநாடிகள் முன்னதாகவே கணித்ததாக 2008-இல் ஜான் டிலன் ஹெய்ன்ஸ் குழுவினர் அறிவித்தபோது உலகம் வியந்தது. அக்கணிப்பு பலித்தது நூற்றுக்குச் சுமார் அறுபதே என்பதையும், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஐம்பது பலிக்கும் என்பதையும் வியந்தோர் கவனிக்கவில்லை.

என் மனத்தைக் கொள்ளைகொண்டது, 2012-இல் ஆரன் ஷுர்கரும் அவருடைய சகாக்களும் தந்த விளக்கமே. அடியில் சிறு ஓட்டையுள்ள குடமொன்றைச் சீராக வராத குழாயின்கீழ் வைத்திருப்பதாகக் கொள்வோம். தண்ணீர் சில சமயம் விசையோடும் சில சமயம் மெலிந்தும் விழ, ஓட்டை வழியே ஓயாது கசிய, நீர்மட்டம் ஏறியும் இறங்கியும் அலைந்து, ஏதோ ஒரு க்ஷணத்தில் விளிம்பைத் தாண்டி வழிகிறது. அந்த வழிதலே விரலசைவு. 'விருப்பம்போல் அசையுங்கள்' என்ற உத்தரவு குழாயைச் சிறிதே திறந்துவைக்கிறது. விசையின் ஏற்றத்தாழ்வோ நரம்பணுக்களின் இடையறாத சலசலப்பு. லிபெட் செய்ததுபோல், வழிந்த தருணங்களில் மட்டும் நாற்பதைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் பின்னோக்கிச் சென்று சராசரி கண்டால், நீர்மட்டம் நிதானமாக உயர்ந்து விளிம்பை எட்டும் அழகிய வளைகோடு கிடைக்கும். குடம் வெகு முன்பே வழியத் தீர்மானித்துவிட்டதாகவும் தோன்றும். விளிம்பருகே ஏறி, வழியாமலே தணிந்துபோன தடவைகள் கணக்கில் ஏறவே இல்லை!

யந்திரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அது ஒரே தடவையில், மேற்கொண்டு என்ன நேரும் என்றறியாமல் குடத்தைப் பார்த்தாகவேண்டும். முக்கால் குடம் நிறைந்ததுமே செயலில் இறங்கினால், கைகால் அசையாத நோயாளி விரும்பாத எழுத்தைத் திரையில் பதித்துவிடும். விளிம்புவரை காத்திருந்தாலோ, முன்னறியும் பெருமை பெரும்பாலும் போய்விடும். மூளையலையைக் கண்டதும் சிவப்பு விளக்கேற்றும் கணினியோடு 2016-இல் பெர்லினில் மனிதரைப் போட்டியிடச் செய்தபோது, காலசைவுக்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன்புவரை அவர்களால் தங்கள் முடிவைக் கைவிட முடிந்தது.

நடைமுறையில் பலன் தந்த கருவிகள் வேறொன்றையே படிக்கின்றன. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ஒருவர், யந்திரக் கையைத் தம் எண்ணத்தாலே நகர்த்தித் தாமே பானம் அருந்தியதைக் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2015-இல் வெளியிட்டார்கள். அங்கே மின்முனைகள் படித்தது, கோப்பையை நோக்கிக் கைநீட்ட வேண்டுமென்று அவர் விழிப்போடு முயன்று எண்ணிய எண்ணத்தை.