வசனம் புரியாத டைரக்டர்

'அம்பிகாபதி'யில் எம்.கே.தியாகராஜ பாகவதரை ஆட்டிவைத்தவருக்குத் தமிழ் தெரியாது. 'மீரா'வில் எம்.எஸ்.சுப்புலட்சுமி உருகிப் பாடி முடித்ததும் 'கட்' சொன்னவருக்கும் தெரியாது. கலைஞர் மு.கருணாநிதியின் வசனத்துக்காகவே ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த 'மந்திரி குமாரி'யின் டைரக்டருக்கும் அதே கதைதான். மூவரும் ஒருவரே. பெயர், எல்லிஸ் ஆர்.டங்கன்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1909-ல் பிறந்த டங்கன், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். உடன் படித்த மாணிக்லால் டாண்டனின் அழைப்பை நம்பி 1935-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். டாண்டன் அப்போது கே.பி.சுந்தராம்பாளை வைத்து 'நந்தனார்' எடுத்துக்கொண்டிருந்தார். தன்னைத் தேடி வந்த அடுத்த வாய்ப்பை நண்பனுக்குக் கைகாட்டிவிட்டார். அந்தப் படம், 'சதி லீலாவதி'.

எஸ்.எஸ்.வாசன் 'ஆனந்த விகடன்' பத்திரிகையில் தொடராக எழுதிய கதை அது. குடியால் குடும்பத்தைத் தொலைத்து, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறவனின் கதை. புராணமும் பக்தியும் கொடிகட்டிப் பறந்த நாளில், பக்கத்து வீட்டுத் துயரத்தைச் சொன்ன படம் 1936-ல் வெளிவந்தது. எம்.கே.ராதா கதாநாயகன். என்.எஸ்.கிருஷ்ணன், டி.எஸ்.பாலையா ஆகியோரோடு, சின்னதொரு போலீஸ் வேடத்தில் ஓர் இளைஞரும் திரையில் முதன்முதலாகத் தலைகாட்டினார். எம்.ஜி.ஆர்.!

அன்றைய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாடக மேடையிலிருந்து நேரே இறங்கி வந்தவை. பாட்டுக்கு மேல் பாட்டு. முன்வரிசைச் சீட்டில் உட்கார்ந்த ரசிகரைப்போல, கேமரா போட்ட இடத்தில் கிடக்கும். நடிகர்கள் அதன் எதிரே வரிசையாக நின்று பாடுவார்கள், பேசுவார்கள். அந்தச் சினிமாவைக் காதால் கேட்டாலே போதும்.

டங்கனால் அப்படிக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வசனத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி, உதவியாளர்கள் வாயிலாக நடிகர்களோடு பேசி வேலை வாங்கினார். உச்சரிப்பு சரியா என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். முகம் சரியா என்று அவரே சொல்லிவிடலாம். மொழி கைவிட்ட இடத்தில் கண்ணை நம்பினார் என்றே தோன்றுகிறது. முகத்தை நெருங்கும் குளோசப், நகரும் கேமரா, வெளிச்சமும் நிழலும் என்று அவர் கவனமெல்லாம் பார்வைக்கு விருந்து வைப்பதில் இருந்தது.

1937-ல் வந்த 'அம்பிகாபதி'க்கு இளங்கோவன் வசனம் எழுதினார். 'ரோமியோ ஜூலியட்' பாணியில், மாடத்தில் நாயகியும் கீழே நாயகனுமாகக் காதல் வளர்ந்தது. பாகவதரும் சந்தானலட்சுமியும் காட்டிய நெருக்கம் தமிழ்த் திரைக்குப் புதுசு. அந்த நெருக்கமே பின்னாளில் வம்பையும் இழுத்து வந்தது. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவி டங்கன் எடுத்த 'பொன்முடி' (1950), காதல் காட்சிகளுக்காகக் கண்டனம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

அவர் உழைப்பின் உச்சம், 'மீரா' (1945). ஏற்கெனவே 'சகுந்தலை'யில் எம்.எஸ்.ஸை இயக்கியிருந்த டங்கன், இம்முறை அவர் முகத்தை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டார். மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்யச் சொன்னார். ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியோடு சேர்ந்து அதன்மேல் பல கோணங்களில் வெளிச்சம் பாய்ச்சிப் படமெடுத்துப் பார்த்தார். எந்த ஒளியில் அந்த முகம் தெய்விகமாகத் துலங்குகிறது என்று குறித்துக்கொண்டார். ராஜஸ்தானத்துக்கும் பிருந்தாவனத்துக்கும் துவாரகைக்கும் படக்குழு பயணம் போனது. இந்தி 'மீரா' 1947-ல் வந்தபோது, திரையில் தோன்றி எம்.எஸ்.ஸை வடநாட்டுக்கு அறிமுகப்படுத்தியவர் சரோஜினி நாயுடு.

கடைசித் தமிழ்ப் படம் 'மந்திரி குமாரி'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. 'குண்டலகேசி' கதையைக் கருணாநிதி நாடகமாக்கி, படத்துக்கும் வசனம் எழுதினார். முடியுமுன்னே டங்கன் ஊர் திரும்பிவிட, மிச்சத்தை முதலாளி டி.ஆர்.சுந்தரம் முடித்தார். 1950-ல் வந்த படம் வெற்றி. இரண்டே ஆண்டில் 'பராசக்தி' வந்தது. தமிழ் சினிமாவின் சிம்மாசனத்தில் வசனம் ஏறி உட்கார்ந்தது. அந்த தர்பாரில், பேச்சு புரியாத டைரக்டருக்கு என்ன வேலை? சரியான நேரத்தில்தான் மூட்டை கட்டியிருக்கிறார்.

அமெரிக்காவில் ஆவணப் படங்கள் எடுத்தபடி நெடுங்காலம் வாழ்ந்து, 2001-ல் தமது 92-வது வயதில் மறைந்தார் டங்கன்.

'மீரா'வை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறோம். ஒரு தடவை ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். பாட்டு இல்லாமல் எம்.எஸ்.ஸா என்று கோபிக்க வேண்டாம். குரல் அவருடையது. மங்கிய வெளிச்சத்தில், நம்மை மறந்து எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முகத்தில் டங்கனுக்கும் பங்கு உண்டு.