காரைதீவுத் துறவியும் காணாமற்போன யாழும்

யுத்த காலத்தில் கல்முனையிலிருந்து நிந்தவூருக்கு பஸ்ஸில் போகும்போது, காரைதீவைக் கடக்கும் சில நிமிடங்களில் உம்மா பேச்சைக் குறைத்துக்கொள்வார். இரண்டு முஸ்லிம் ஊர்களுக்கு இடையிலுள்ள தமிழ்க் கிராமம் அது. எங்கள் ஊர்களைக் கடக்கும்போது அங்குள்ள தாய்மாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு காரைதீவுச் சினேகிதி சொல்லித்தான் அறிந்தேன். பஸ் ஜன்னலால் நான் கண்டதெல்லாம் விபுலானந்தர் என்று எழுதிய பெயர்ப்பலகைகள்தான். 'யாழ்நூல்' எழுதியவர் என்று பரீட்சைக்குப் பாடமாக்கினோம். அந்த நூலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம்தான் பின்னாளில் சுவாமி விபுலானந்தர் ஆனார். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்தார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவியானார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் ஆனார்.

தமிழும் விஞ்ஞானமும் ஒருவரிடமே இருந்தது இங்கே முக்கியம். பழைய தமிழிசையின் தலைமைக் கருவியான யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. வாசிப்பவர் இல்லை, கற்றுக்கொடுப்பவர் இல்லை. எஞ்சியவை பழைய பாடல்களும் உரைகளும்தான். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றிய இருபத்தைந்து அடிகளை அவர் பிடித்துக்கொண்டார். அந்த அடிகளின் விரிவுரையாகவே யாழ்நூல் வளர்ந்தது.

சொல்லிலிருந்து சுரத்தை எப்படி மீட்பது? அதற்குக் கணக்கு உதவியது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவை பழந்தமிழர் சொன்ன ஏழு சுரங்கள். 90 சென்டிமீற்றர் நரம்பொன்று குரலை ஒலிக்கிறது என்று வையுங்கள். அதே இழுவிசையில் அதை மூன்றில் இரண்டு பங்காக்கி, 60 சென்டிமீற்றரில் மீட்டினால் ஐந்தாம் சுரமான இளி கேட்கும். அதையும் அப்படிக் குறைத்தால் 40. அது மேல் தானத்துத் துத்தம். நீளத்தை இரட்டித்து 80 ஆக்கினால் கீழே நம் துத்தம். இப்படியே போனால் விளரியும் கைக்கிளையும் கிடைக்கும். பாட்டு மறந்துபோனாலும் நரம்பின் விகிதம் மாறாது. இவ்வகைக் கணக்கை வைத்தே யாழின் வடிவங்களையும் பாலைகளையும் பண்களையும் அவர் ஏழு இயல்களில் ஆராய்ந்தார்.

1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. ஜூலை 19ஆம் திகதி அவர் காலமானார்.

அவர் சொன்னதெல்லாம் முடிந்த முடிவல்ல. பின்வந்த இசை ஆய்வாளர்கள் சில இடங்களில் அவரை மறுத்தார்கள். அப்படி மறுக்க முடிந்ததற்குக் காரணம், தன் கணக்கை அவர் வெளிப்படையாக எழுதி வைத்ததே.

இதை யுத்தத்தில் இழந்தவர்கள் வாசிக்கிறீர்கள். காணாமற்போன பிள்ளையை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. அந்த ஆறுதலை நான் சொல்ல வரவில்லை. ஆனால் இழப்போடு சேர்ந்து நழுவிப்போனவை வேறும் உண்டு.

என் உம்மம்மா நெல் குத்தும்போது கவி பாடுவார். அதே நாலடிக் கவியைச் சினேகிதியின் அம்மம்மாவும் பாடியிருக்கிறார். வாய்மொழியாக வந்த கவிக்கு ஊர் எல்லை இருக்கவில்லை. உம்மம்மா மௌத்தாகும்வரை அவர் பாடியதில் ஒன்றையேனும் நான் பதிவு செய்யவில்லை. ஊடகம் படித்தவள், கையில் போன் வைத்திருந்தவள்.

விபுலானந்தருக்கு இருபத்தைந்து அடிகளாவது எஞ்சியிருந்தன. நம் பிள்ளைகளுக்கு எத்தனை அடி எஞ்சும்? பாடத் தெரிந்த மூத்தவர் யாரேனும் இன்று உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள்.