பதினோரு மணிப் பசி

முப்பத்தொரு வருஷம் வங்கியில் வேலை பார்த்த எனக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. காலையில் ஐந்து இட்லி தின்றிருந்தாலும் சரியாகப் பதினோரு மணிக்கு வயிறு கூப்பிடும். டீயும் ரெண்டு மசால்வடையும் உள்ளே போனால்தான் அடுத்த வவுச்சர் கண்ணுக்குத் தெரியும். ஓய்வுபெற்று, புதுப்பட்டினத்தில் கிச்சிலிச் சம்பாவும் வேர்க்கடலையும் போட ஆரம்பித்த பிறகும் அந்தப் பசி விடவில்லை. கூடவே சர்க்கரையும் வந்து சேர்ந்தது.

"பாரம்பரிய ரகம்தானே, எவ்வளவு வேணா சாப்பிடலாம்" என்று நம் கூட்டங்களில் பேசிக்கொள்கிறோம். நானும் பேசியவன்தான். ஆனால் நூறு கிராம் அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து. ரகம் மாறினால் நாரும் நிறமும் மாறும். இந்தக் கணக்கு பெரிசாக மாறாது. சிறுதானியத்திலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து செய்த ஆய்வு 2025-ல் வந்தது. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம்.

மகன், நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். சோறு கிடையாது, சிறுதானியமும் கிடையாது. பேலியோக்காரர்கள் காலைக்கு நூறு பாதாம் என்பார்கள். கடலை விளைவிக்கிறவன் கலிபோர்னியா பாதாமுக்கு எங்கே போவது? கடலை ஆகாது என்பது அவர்கள் கட்சி. ஆனால் நூறு கிராம் கடலையில் புரதம் 25 கிராம், பாதாமில் 21. எனவே என் வழியே போனேன்: காலையில் ரெண்டு முட்டை, ஒரு கைப்பிடி அவித்த கடலை. மதியம் ஒரு கரண்டி சோறு, கீரை, சதுரங்கப்பட்டினத்து மத்தி மீன்.

நாலாம் நாள் களை எடுக்கும்போது உடம்பு நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. சோற்றைக் குறைத்த நான் சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டிருக்கிறேன்! களை எடுக்க வந்த அம்மா வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்துக் காப்பாற்றினார். டாக்டர் திட்டிவிட்டு மாத்திரையைப் பாதியாக்கினார். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் சோற்றில் கை வையுங்கள்.

மூணாவது வாரம் ஒருநாள் மணி பார்த்தால் பன்னிரண்டரை. பதினோரு மணிப் பசி வரவே இல்லை!

உடம்பு இளைத்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு கூடும். மாவுச்சத்தும் கலோரியும் மிகக் குறைந்து, உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும் நிலையில் அது அவ்வளவாகக் கூடுவதில்லை என்று மெல்போர்ன் ஆய்வு ஒன்று 2013-ல் சொன்னது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் சுரப்பும் கூடிவிட்டது. ஒரு கரண்டி சோறு தின்னும் நான் அந்த நிலைக்குப் போயிருக்க மாட்டேன். முட்டையும் கடலையும் மீனும்தான் பசியைத் தாங்கியிருக்கும். மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் 20 பேரை வைத்துச் செய்து 2021-ல் வெளியான ஆய்வில், கொழுப்பு குறைந்த தாவர உணவு சாப்பிட்டபோதுதான் நாளுக்கு 550 முதல் 700 கலோரி வரை குறைவாகச் சாப்பிட்டார்கள். பசியில் வித்தியாசம் தெரியவில்லை என்றும் சொன்னார்கள்.

வெல்லம் கொடுத்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "உனக்கு உக்காந்த உடம்பு சார். நான் சோறு துன்னலன்னா சாயங்காலம் வரைக்கும் எப்பிடி குனிவேன்?" என்றார். பதில் இல்லை என்னிடம்.

என்னிடம் மாதம் பத்து கிலோ அரிசி வாங்கிய ஒருவருக்கும் சர்க்கரை. அளவைக் குறைக்க நான்தான் சொன்னேன், வீட்டில் முறைத்தார்கள். இப்போது ஆறு கிலோதான் வாங்குகிறார், கூடவே ரெண்டு கிலோ கடலை கேட்கிறார். மார்கழிப் பட்டத்தில் இன்னும் அரை ஏக்கர் கடலை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.