கண்ணாடிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

போன தவணையில் என் மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி, வெண்பலகையைப் பார்க்காமல் தோழியின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தாள். "புதுக் கண்ணாடி போட்டா தலை வலிக்குது டீச்சர்" என்றாள். கண்ணாடி அழகாகத்தான் இருந்தது. பவர் எவ்வளவு என்று கேட்டேன்; தெரியவில்லை. கடையில் எழுதித் தரவில்லை, வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

மாணவர்களே, உங்கள் காலணியின் அளவு உங்களுக்குத் தெரியும். கண்ணின் அளவு தெரியுமா?

முதலில், யாரிடம் போவது? சிகாமட் கடைத்தெருவில் கண்ணாடிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே இருப்பவர் ஆப்டிசியனாக இருக்கலாம். பவர் பார்த்துக் கண்ணாடி செய்து தருவார். ஆப்டோமெட்ரிஸ்ட் என்றால் கண்ணின் நலத்தையும் சேர்த்துச் சோதிப்பார். 1991-ஆம் ஆண்டு ஒளியியல் சட்டப்படி இருவருமே மலேசிய ஒளியியல் மன்றத்தில் பதிந்தவர்களாக இருக்க வேண்டும். கடைச் சுவரில் இந்த ஆண்டுக்கான சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இரவுச் சந்தையில் விற்கும் வண்ணக் காண்டாக்ட் லென்ஸ் பக்கமே போகாதீர்கள். திடீரெனப் பார்வை மங்கினாலோ, கண் சிவந்து வலித்தாலோ, மின்னல் போல் ஒளி தெரிந்தாலோ கண்ணாடிக் கடை வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

சோதனையின்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வயதில் கண்லென்ஸ் எளிதாகத் தன்னைக் குவித்துக்கொள்ளும். அதனால் தேவைக்கு அதிகமான மைனஸ் பவரைப் போட்டாலும் தெளிவாகத்தான் தெரியும். கண்தான் ஓயாமல் உழைக்கும். எழுத்து கறுப்பாக, சிறியதாகத் தெரிவதைத் தெளிவு என்று எண்ணி "இதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். கைப்பேசியை வெகுநேரம் பார்த்த கையோடு சோதனைக்குப் போவதும் நல்லதல்ல.

இனி சீட்டு. அதில் -2.00 என்று இருந்தால் அது டையாப்டர். இயற்பியலில் வரும் P = 1/f தான். 1-ஐ 2-ஆல் வகுத்தால் 0.5 மீட்டர். கண்ணாடி இல்லாமல் 50 சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ளவை மங்கும் என்று பொருள். அடுத்துள்ள சிலிண்டர், கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவில் இல்லாததைச் சரிசெய்யும் பவர். ஆக்சிஸ் அது எந்தக் கோணத்தில் என்பதைக் காட்டும்.

பல சீட்டுகளில் இல்லாமல் போவது 'பிடி'. இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் அது, மில்லிமீட்டரில். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே நிற்க வேண்டும். என் மாணவியை வேறொரு கடைக்கு அனுப்பிச் சோதித்தபோது பவர் -4.00 சரியாகவே இருந்தது. மையம்தான் ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. 0.3 சென்டிமீட்டரை 4-ஆல் பெருக்குங்கள்: ஒளி ஒரு மீட்டருக்கு 1.2 சென்டிமீட்டர் விலகுகிறது, இரு கண்ணிலும். தலை வலிக்காமல் என்ன செய்யும்? இணையத்தில் கண்ணாடி வாங்குபவர்கள் இந்த எண்ணைக் குத்துமதிப்பாகப் போடுவதைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

விலைக்கு வருவோம். 1.67 என்ற மெல்லிய லென்ஸ் அதிகப் பவருக்குப் பயன்படும், -1.50 உள்ளவருக்கு அது வீண் செலவு. பந்து விளையாடுபவர்கள் எளிதில் உடையாத பாலிகார்பனேட்டைக் கேளுங்கள். நீல ஒளி வடிகட்டிக்குக் கூடுதல் காசு கேட்டால் யோசியுங்கள். 2023-இல் கோக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குறுகிய காலத்தில் அது சாதாரண லென்ஸைவிடக் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

கண்ணாடி கைக்கு வந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். கையை நீட்டிப் பிடித்து, ஒரு லென்ஸ் வழியே கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பார்த்தபடி, கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கள். கோடு சாய்ந்தால் அதில் சிலிண்டர் இருக்கிறது. உங்கள் சீட்டில் நல்ல அளவு சிலிண்டர் எழுதியிருந்தும் கோடு அசையவே இல்லையென்றால், சீட்டையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குத் திரும்பிப் போய்க் கேளுங்கள்.