கே.ஓ. (சுருக்கக் குறியீடு)

கே.ஓ. என்பது 'நாக் அவுட்' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கக் குறியீடு ஆகும். குத்துச்சண்டையில் கீழே வீழ்ந்த வீரர், நடுவர் பத்து வரை எண்ணி முடிப்பதற்குள் எழுந்து ஆட்டத்தைத் தொடர இயலாத நிலையை இது குறிக்கும். அந்நிலையில் ஆட்டம் உடனே முடிவுக்கு வருகிறது, புள்ளிகள் கணக்கிடப்படுவதில்லை. அன்றாட ஆங்கிலத்தில் இக்குறியீடு நினைவிழத்தல், களைத்து வீழ்தல், எதிர்ப்பை ஒரே அடியில் முறியடித்தல் முதலிய பொருள்களில் வழங்குகிறது.

ஒலிப்பும் எழுத்து வடிவமும்

இத்தொடரின் முதற் சொல்லில் 'கே' என்ற எழுத்து எழுதப்படினும் ஒலிக்கப்படுவதில்லை. சுருக்கத்திலோ அதுவே முதலில் ஒலிக்கிறது. எழுத்துகளுக்கு இடையே புள்ளி இட்டும் இடாமலும் எழுதுவர். பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் இது பயன்படுகிறது. எழுத்துகளின் ஒலிப்பைக் கொண்டே 'கேயோ' என்ற தனிச்சொல்லும் அமெரிக்க ஆங்கிலத்தில் உருவானது. 'ஓ.கே.' என்பதைத் திருப்பி எழுதியதே கே.ஓ. என்று கருதுவது பிழையாகும். ஓ.கே. என்பது 1839 இல் பாஸ்டன் நகர நாளிதழ் ஒன்றில் வேடிக்கையான பிழை எழுத்துக்கூட்டலின் சுருக்கமாகத் தோன்றியது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை.

குத்துச்சண்டையில் பொருள்

1743 இல் ஜாக் பிரௌட்டன் வகுத்த விதிகளின்படி, வீழ்ந்த வீரர் அரை நிமிடத்திற்குள் களத்தின் நடுவில் இருந்த குறியிடத்திற்கு வர வேண்டும். 1867 இல் வெளியான குயின்சுபெரி விதிகள் கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு ஆகியவற்றுடன் பத்து நொடி வரம்பையும் வகுத்தன. இன்றைய கே.ஓ. இப்பத்து நொடி விதியையே அடிப்படையாகக் கொண்டது.

வீரர் ஒருவர் அடிபட்டு, உள்ளங்கால் தவிர உடலின் வேறு எப்பகுதியேனும் தரையில் பட்டால் அவர் வீழ்ந்தவராகக் கருதப்படுவார். எதிராளி நடுநிலை மூலைக்குச் சென்ற பின்னரே எண்ணிக்கை தொடர வேண்டும். 1927 செப்டம்பர் 22 இல் சிகாகோவில் நடந்த ஆட்டத்தில் ஜீன் டன்னியை வீழ்த்திய ஜாக் டெம்சி, மூலைக்குச் செல்லத் தாமதித்தார். இதனால் எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியது. டன்னி எழுந்து ஆடிப் புள்ளிகளில் வென்றார். இது 'நீண்ட எண்ணிக்கை' என்று நினைவுகூரப்படுகிறது.

கே.ஓ. ஆவதற்கு நினைவிழக்க வேண்டும் என்பதில்லை. 2004 செப்டம்பர் 18 இல் பெர்னார்டு ஹாப்கின்சு, ஆசுகார் டி லா ஹோயாவை ஒன்பதாம் சுற்றில் கல்லீரல் பகுதியில் தாக்கி வீழ்த்தினார். டி லா ஹோயா நினைவுடனேயே இருந்தார். ஆனால் வலியால் எழ இயலவில்லை. அன்றாட ஆங்கிலத்தில் கே.ஓ. என்றால் பெரும்பாலும் மயக்கம் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. விளையாட்டு விதி பார்ப்பது மயக்கத்தை அன்று, எழ இயலாமையையே.

டி.கே.ஓ.

டி.கே.ஓ. என்பது 'டெக்னிக்கல் நாக் அவுட்' என்பதன் சுருக்கமாகும். வீரர் பத்து எண்ணும்வரை வீழ்ந்து கிடக்காவிடினும், அவரால் தற்காத்துக்கொள்ள முடியவில்லை என்று நடுவரோ மருத்துவரோ கருதி ஆட்டத்தை நிறுத்துவது இது. வீரரின் பயிற்சியாளர் ஆட்டத்தைக் கைவிடுவதும் பொதுவாக இதனுள் அடக்கப்படுகிறது. 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் முகம்மது அலியுடன் மோதிய ஜோ பிரேசியரின் கண்கள் வீங்கிப் பார்வை மங்கிய நிலையில், பயிற்சியாளர் எடி பட்ச் பதினான்காம் சுற்றின் முடிவில் ஆட்டத்தை நிறுத்தினார். பிரேசியர் தொடரவே விரும்பினார்.

தொழில்முறை வீரர்களின் சாதனைக் குறிப்புகளில் கே.ஓ. என்னும் எண்ணிக்கை டி.கே.ஓ. வெற்றிகளையும் உள்ளடக்கியது. ராக்கி மார்சியானோவின் 49 வெற்றிகளில் 43 கே.ஓ. என்று குறிக்கப்படும்போது, அந்த 43 பேரும் பத்து எண்ணும்வரை வீழ்ந்து கிடந்தனர் என்று கொள்ளக்கூடாது.

அன்றாட ஆங்கிலத்தில்

பேச்சு வழக்கில் இதன் பயன்பாடுகளைப் பின்வருமாறு பகுக்கலாம்:

1. செயலிழக்கச் செய்தல்: காய்ச்சலோ மருந்தோ ஒருவரைப் படுக்கையில் வீழ்த்தினால் அது அவரைக் கே.ஓ. செய்தது என்பர். புயலால் மின்சாரம் தடைப்படுவதற்கும் 'நாக் அவுட்' என்ற வினை வழங்குகிறது.
2. முடிவான வெற்றி: விவாதத்தில் மறுமொழிக்கு இடமின்றி வைக்கப்படும் வாதம் 'நாக் அவுட்' அடி எனப்படும். எதிராளி முற்றிலும் வீழாமல், தொடர இயலாது விலகினால் டி.கே.ஓ. என்பது பொருத்தமாகும்.
3. வியப்பூட்டும் அழகு: ஒருவரை 'நாக் அவுட்' என்றால் அவர் காண்போரை மயக்கும் அழகுடையவர் என்று பொருள். இப்பொருளில் சுருக்க வடிவம் அரிதாகவே வரும்.
4. வெளியேற்றுப் போட்டி: தோற்றவர் உடனே விலகும் போட்டிமுறை. தமிழ் நாளிதழ்கள் இதனை 'நாக் அவுட் சுற்று' என்றே எழுதுகின்றன.

இச்சுருக்கம் பேச்சு நடைக்கும் செய்தித் தலைப்புகளுக்கும் உரியது. கட்டுரைகளிலும் அலுவல் கடிதங்களிலும் இதனைத் தவிர்ப்பது வழக்கம்.

துண்டை எறிதல் (தோல்வியை ஒப்புக்கொள்ளுதல்), கயிற்றில் சாய்தல் (தோல்வியின் விளிம்பில் இருத்தல்), மணியால் காக்கப்படுதல் (கடைசி நொடியில் தப்புதல்) ஆகிய ஆங்கில மரபுத்தொடர்களும் குத்துச்சண்டைக் களத்திலிருந்து வந்தவையே.

பிற துறைகளில்

மரபியலில் குறிப்பிட்ட ஒரு மரபணு செயலிழக்கச் செய்யப்பட்ட சுண்டெலி 'நாக் அவுட்' சுண்டெலி எனப்படும். ஆய்வேடுகளில் இது கே.ஓ. என்றே சுருக்கப்படுகிறது. இம்முறைக்கு வழிவகுத்த மாரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்சு, ஆலிவர் சுமித்தீசு ஆகியோர் 2007 இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். நியூயார்க் பங்குச் சந்தையில் கோக்கோ கோலா நிறுவனத்தின் குறியீடும் கே.ஓ. ஆகும், அதற்கும் குத்துச்சண்டைக்கும் தொடர்பு இல்லை.

மருத்துவ நோக்கு

தாடையில் விழும் குத்து தலையை வேகமாகத் திருப்புகிறது. மண்டையோட்டினுள் மூளை முறுக்கப்பட்டு அதன் இயக்கம் தற்காலிகமாகக் குலைகிறது. பேச்சு வழக்கில் எளிதாக வழங்கும் கே.ஓ., தலையில் விழுந்த அடியால் நேரும்போது உண்மையில் ஒரு மூளைக் காயமாகும். அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்டு 1928 இல், பல ஆண்டுகள் குத்து வாங்கிய வீரர்களிடம் காணப்பட்ட தள்ளாட்டம், குழப்பம் முதலிய அறிகுறிகளை விவரித்தார். அவர் தலைப்பாகக் கொண்ட 'பஞ்ச் டிரங்க்' என்ற களத்துச் சொல்லும் இன்று திகைத்துப்போனவரைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது.

1982 நவம்பர் 13 இல் லாசு வேகாசில் ரே மான்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ, பதினான்காம் சுற்றில் வீழ்ந்தார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் கிம் சில நாட்களில் உயிரிழந்தார். இதன்பின் உலகக் குத்துச்சண்டை மன்றம் பட்டப் போட்டிகளின் சுற்றுகளை 15 இலிருந்து 12 ஆகக் குறைத்தது. பிற அமைப்புகளும் 1980களின் இறுதிக்குள் இதனைப் பின்பற்றின. தலையில் அடிபட்டுக் கே.ஓ. ஆன வீரர் மருத்துவ ஒப்புதல் பெறும்வரை மீண்டும் களமிறங்கக் கூடாது என்பதும் இன்று பரவலான விதியாகும். உரிய நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தி அளிக்கப்படும் டி.கே.ஓ., வீரரின் உயிரைக் காக்கும் முதன்மையான வழிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.